மைதானத்துக்கு 86 படி

இடது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு பாடசாலைக்குத் திரும்பி இந்தத் தவணையோடு ஒரு வருடம் ஆகிறது. நான் உடற்கல்வி ஆசிரியை. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், தேயிலை மலைக்குள்ளே இருக்கிற ஒரு பாடசாலை. இந்த ஒரு வருடத்தில் ஏழெட்டுப் பேராவது, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், போன் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒப்பரேஷன் செய்தால் எத்தனை மாதத்தில் வேலைக்குப் போகலாம்? நான் திருப்பிக் கேட்பேன், உங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி, பஸ்ஸை விட்டு இறங்கி வேலை செய்கிற இடத்துக்கு எத்தனை படி, அங்கே கக்கூஸ் குந்துகிற மாதிரியா கொமட்டா என்று. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ கதைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஒன்றரை வருடம் வீணாகப் போனது அங்கேதான். எனக்கு வலித்தது முழங்காலில். இடது முழங்காலின் உள்பக்கம். பிள்ளைகளுக்கு நீளம் பாய்தல் பழக்கிய நாட்களில் இரவு தூங்க ஏலாது. எண்ணெய் தேய்த்தேன், பட்டி கட்டினேன், ஓர் இடத்தில் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, வயதாகிறது, எடையைக் குறையுங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் தொடை இடுக்கிலும் ஒரு பிடிப்பு வர ஆரம்பித்தது. சப்பாத்து நூலைக் கட்டக் குனிய முடியவில்லை. "இடுப்பு வலிக்குது" என்று சொன்னேன், உடனே முதுகுக்கு எக்ஸ்ரே எழுதினார்கள்.

பிழை அவர்களுடையது மட்டும் இல்லை. நம்முடைய பேச்சில் இடுப்பு என்றால் சேலை செருகுகிற இடமும் இடுப்புத்தான், பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்புத்தான், நாரி, அதாவது கீழ்முதுகு, பிடித்துக்கொண்டாலும் இடுப்பு வலி என்றுதான் சொல்லுவோம். தொடை எலும்பின் தலை போய் உட்காருகிற அந்த மூட்டுக்கு என்று நாம் தனியாக ஒரு சொல்லை வீட்டில் பாவிப்பதே இல்லை. நான் 20 வருடமாக 'பந்துக் கிண்ண மூட்டு' என்று கரும்பலகையில் எழுதிப் படம் வரைந்து படிப்பித்தவள், என் உடம்பில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தால் கையை விலாவுக்குக் கீழே வைத்திருப்பேன். கடைசியில் கண்டியில் பார்த்த டொக்டர், வாயால் சொல்ல வேண்டாம், கையை வைத்துக் காட்டுங்கள் என்றார். நான் பெருவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னால் தொடை இடுக்கிலும் வைத்து அப்படியே பிடித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததும் காலை மடக்கி உள்பக்கம் திருப்பினார், நான் கத்திவிட்டேன். இடுப்பு மூட்டில் உள்ள நோய் முழங்காலில் வலியாகத் தெரிவது சாதாரணம், அந்த மூட்டுக்குப் போகும் நரம்புகளே முழங்காலுக்கும் போகின்றன என்று சொன்னார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை ஒரு பக்கம் இடிந்து தட்டையாகி இருந்தது. இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப் போகிற நோய். அதிகக் காலம் ஸ்டீரொயிட் எடுத்தவர்களுக்கு வரலாம், குடிப்பவர்களுக்கு வரலாம், எலும்பு முறிந்தவர்களுக்கு வரலாம், சிலருக்குக் காரணம் தெரியாமலே வரும். எனக்கு இளைப்புக்காகச் சின்ன வயதில் இருந்து அடிக்கடி ஸ்டீரொயிட் மாத்திரை தந்திருக்கிறார்கள், இந்தக் குளிரில் அது இல்லாமல் மூச்சு விட முடியாத இரவுகள் இருந்தன. அதனால்தான் என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

ஒப்பரேஷனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பக்கம் மரத்துப் போகச் செய்தார்கள், சுத்தியல் சத்தம் கேட்டது, மறுநாளே வோக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். இடிந்த தலையை வெட்டி எடுத்துவிட்டுத் தொடை எலும்புக்குள் டைட்டேனியம் தண்டு ஒன்று, அதன் மேல் ஒரு குண்டு, இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், நடுவில் பொலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக் உறை. சார்ன்லி என்ற இங்கிலாந்து டொக்டர் 1962இல் இந்த முறையை ஒழுங்காக்கினார் என்று படித்தேன், அவர் கண்டுபிடித்த வழியில்தான் இன்றைக்கும் பெரும்பாலும் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அந்தப் பிளாஸ்டிக் இருக்கிறது.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்தார்கள், அதனால் மூன்று விஷயம் கண்டிப்பாகச் சொன்னார்கள். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. காலுக்கு மேல் கால் போடக் கூடாது. ஒப்பரேஷன் செய்த காலின் பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்று வெளியே வந்துவிடலாம். எல்லா டொக்டர்மாரும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை, முன்பக்கமாகச் செய்தவர்களுக்கு வேறு கட்டுப்பாடு, அவரவர் டொக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் தந்த தாளில் இருந்த படங்களைப் பார்த்தேன். உயரமான கட்டில், கைப்பிடி வைத்த கதிரை, கொமட், தட்டையான தரை. எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் இதெல்லாம் இருக்கிறது? எங்களுடையது லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வந்து ஏழு பேர்ச் துண்டு நிலத்தில் கட்டின வீடு, கக்கூஸ் வெளியே, குந்துகிறதுதான். அடுப்படியில் சின்னப் பலகையில் உட்கார்ந்துதான் எல்லா வேலையும். என் கணவர் ஹட்டனுக்குப் போய் நடுவில் ஓட்டை போட்ட கொமட் கதிரை வாங்கி வந்தார், கட்டிலின் நான்கு காலுக்கும் கீழே கல் வைத்து உயர்த்தினார், அடுப்பை மேசைக்கு மாற்றினோம். இவ்வளவையும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, நான் கதவடியில் வோக்கரோடு நிற்க நிற்கச் செய்தோம். ஒப்பரேஷனுக்கு முன்பே செய்து வைத்துவிட்டுப் போங்கள். இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வயிற்றில் போட்ட ஊசி, காலைக்கும் மாலைக்கும் உடற்பயிற்சி, இதெல்லாம் எல்லாரும் சொல்லித் தருவார்கள். கட்டில் உயரத்தை யாரும் வந்து அளந்து பார்க்கமாட்டார்கள்.

உடற்பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் பாடம். ஒற்றைக் காலில் நிற்கும்போது மற்றப் பக்கத்து இடுப்பு கீழே சாயாமல் இழுத்துப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கிற ஒரு தசை. வலிக்குப் பயந்து ஒன்றரை வருடம் நொண்டினேன் அல்லவா, அந்தத் தசை வாடிப்போயிருந்தது. மூட்டு புதிது, வலி போய்விட்டது, ஆனால் நடை அதே நொண்டல். கதிரையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. பார்க்க ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். நான்கு மாதம் விடாமல் செய்த பிறகுதான், பஜாரில் ஒரு கடைக் கண்ணாடியில் நான் நேராக நடந்து போவதைப் பார்த்தேன்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதற்கு எங்கள் பக்கத்தில் பெரிய விவாதமே நடந்தது. இடது கால்தானே, இடது கையில் பிடி டீச்சர் என்று எல்லாரும் சொன்னார்கள். வலது கையில்தான் பிடிக்க வேண்டும். இடது காலை ஊன்றும்போது உடம்பு வலது பக்கம் சரியப் பார்க்கும், அந்தப் பக்கத்தில் தடி ஊன்றி இருந்தால் வாடின தசைக்குப் பாரம் குறைகிறது, மூட்டுக்கும் குறைகிறது. சும்மா நடக்கும்போதே அந்த மூட்டில் உடம்பு எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பாரம் விழுகிறது, தடுக்கித் தடுமாறும்போது அது இன்னும் பல மடங்கு. மலையில் இருக்கிற எங்களுக்குத் தடுக்குவது எப்போதும் நடக்கிற விஷயம்.

சரி, வேலைக்குத் திரும்பின கதைக்கு வருகிறேன்.

மேசை வேலை என்றால் ஆறு வாரத்தில், உடம்பால் செய்கிற வேலை என்றால் மூன்று மாதம் போல என்று டொக்டர் சொன்னார். மூன்று மாதம் முடிந்தது, வீட்டுக்குள் நன்றாக நடந்தேன். விடுமுறை விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, முழு வேலைக்கும் தகுதி என்று கடிதம் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் விடுமுறையை நீட்டுங்கள் என்றார்கள். நடுவில் ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். இல்லையாம். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. குணமாகிக்கொண்டிருக்கிற உடம்புக்கு நடு என்று ஒன்று இருக்கிறது, மாதக் கணக்கில் இருக்கிறது, அந்த நடுவில் இருக்கிற ஆசிரியைக்கு வகுப்பில் சுகாதாரப் பாடம் எடுக்க முடியும், வரவு பதிய முடியும், மைதான ஓரத்தில் நின்று பழக்க முடியும். டொக்டரிடம் திரும்பப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுதித் தந்த கடிதத்தில் தகுதி என்றும் இருந்தது, கீழே இன்னும் மூன்று மாதத்துக்குச் செய்யக் கூடாதவையும் இருந்தன: பாய்தல், ஓடுதல், குந்துதல், பாரம் தூக்குதல், மூட்டைத் திருகுகிற அசைவு. அதிபர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பிரதி எடுத்துத் தன் லாச்சியில் வைத்துக்கொண்டார். உங்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன், "இலகுவான வேலை" என்று மட்டும் எழுதி வாங்க வேண்டாம், எது கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். இலகு என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஏறுவதும் சிலருக்கு இலகுதான்.

மைதானத்துக்கு 86 படி. பாடசாலைக் கட்டடம் கீழே, மைதானம் மேலே, மலையை வெட்டி எடுத்த இடம். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தடவை ஏறி இறங்கி இருக்கிறேன், எத்தனை படி என்று எண்ணியதே கிடையாது. திரும்பிப் போன முதல் நாள்தான் எண்ணினேன். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது ஒப்பரேஷன் செய்த காலையும் தடியையும் முதலில் வைக்க வேண்டும். ஏறுவது கஷ்டம் என்றுதான் பயந்தேன். இறங்குவதுதான் கஷ்டம், முக்கியமாகத் தென்மேற்கு மழைக் காலத்தில், பாசி பிடித்த படியில். ஒரு கையில் தடி, மறுகையில் குடை என்றால் பிடிமானத்துக்குக் கையே இல்லை. இரண்டாம் நாளே குடையை விட்டுவிட்டு, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் போடுகிற மாதிரி மழைக்கோட்டு வாங்கினேன். தடியின் நுனியில் இருக்கிற ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுவேன், சல்லி கொஞ்சம்தான். அதிபர் நேரசூசியை மாற்றி என் மைதானப் பாடங்களை எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தார், ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினால் போதும். மருந்தைவிட எனக்கு அது உதவியது.

கக்கூஸ் விஷயத்தை எழுதக் கூச்சமாக இருந்தது, எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை. ஆசிரியைகளுக்கு இருந்தது குந்துகிறது மட்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஏழு மணிக்கு வீட்டை விட்டால் திரும்பி வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், மூன்று வாரம். சிறுநீரில் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது. டொக்டர் என்னைத் திட்டினார், அதுவரை அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உடம்பில் எங்கே கிருமி வந்தாலும் இரத்தம் வழியாகப் போய்ப் புது மூட்டில் ஒட்டிக்கொள்ளலாம், உலோகத்தில் ஒட்டினால் மருந்து மட்டும் போதாமல் போகலாம், மூட்டையே கழற்ற வேண்டி வரலாம் என்றார். அடுத்த நாள் அதிபரிடம் அழுதுகொண்டே சொன்னேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் பேசி, பத்து நாளில் ஒரு கொமட் வைத்துச் சுவரில் ஒரு கம்பியும் பொருத்திவிட்டார்கள். கூலியாக ஒரு சதமும் வாங்காமல் செய்தவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிற அப்பாமார். மூன்று வாரம் முன்பே சொல்லி இருக்கலாம்.

படிப்பிக்கிற விதமும் மாறிவிட்டது. நான் செய்து காட்டிப் படிப்பிக்கிறவள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்து இறங்கின காலை அசைக்காமல் மற்றக் காலால் சுழன்று, மூன்று செக்கனுக்குள் எறிய வேண்டும். அதை வாயால் விளங்கப்படுத்துவதைவிட ஒரு தடவை செய்து காட்டினால் முடிந்தது. ஊன்றின காலில் உடம்பைத் திருகுவது எனக்குக் கூடாத அசைவு. முதல் வாரம் மைதான ஓரத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்புறம் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, நீ செய், நான் பார்க்கிறேன் என்றேன். அவள் பிழையாகச் செய்தாள். எங்கே பிழை என்று மற்றப் பிள்ளைகளிடம் கேட்டேன். குதி தூக்குது டீச்சர் என்றது ஒன்று, பந்து நெஞ்சுக்கு வர முதலே திரும்புறா என்றது இன்னொன்று. நான் செய்து காட்டிய காலத்தில் அவர்கள் என்னைப் பார்த்தார்கள், கைதட்டினார்கள், நான் அவர்களைப் பார்க்கவில்லை. இப்போது பார்க்க நேரம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தர்ஜினி சிவலிங்கம் என்றால் உயிர், 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடியவர், அவரைப் போல உயரம் இங்கே யாருக்கும் இல்லை, அதனால் காலடி வேலையில்தான் பிழைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பந்து தேயிலைக்குள் உருண்டு போனால் எல்லாரும் நின்று காத்திருப்பது மட்டும் முன்பு மாதிரியேதான்.

சுகாதாரப் பாடத்துக்கு என் எக்ஸ்ரேயைக் கொண்டு போனேன். சிரட்டை ஒன்றையும் ஒரு பந்தையும் வைத்து மூட்டு எப்படிச் சுழல்கிறது என்று காட்டினேன். உள்ளே இருப்பது துருப்பிடிக்காதா டீச்சர் என்று கேட்டார்கள், துருப்பிடிக்காது. எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டார்கள். 2019இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 100க்கு 58 போல 25 வருடம் தாங்குகின்றன என்று சொன்னேன். எனக்கு இப்போது 47. ஒரு பிள்ளை உடனே கூட்டிப் பார்த்து 72 என்றது.

டென்னிஸ் வீரர் ஆன்டி மரே இடுப்பு ஒப்பரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்து ஆடினாரே, நீங்கள் ஏன் ஓடக் கூடாது என்று என் மருமகன் கேட்டான். அவருக்கு 2019 ஜனவரியில் செய்தது வேறு, எலும்புத் தலையை வெட்டாமல் அதற்கு மேல் உலோகத் தொப்பி போடுகிற முறை, அந்த வருடம் ஒக்டோபரிலேயே அன்ட்வெர்ப்பில் கிண்ணம் வென்றார். என் எலும்பில் தொப்பி போட ஒன்றும் மிஞ்சவில்லை. நான் நடக்கிறேன், ஏறுகிறேன், மைதானத்தில் மூன்று மணித்தியாலம் நிற்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டத்தின்போது எல்லைக் கோட்டில் நின்று விசில் ஊதினேன். ஓடவில்லை, இனி ஓடமாட்டேன், அந்தப் பிளாஸ்டிக் தேய்ந்துவிடக் கூடாது. இதை எழுதும்போது தொண்டை அடைக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

இப்போது முழங்கால் வலி என்று எந்தப் பிள்ளை வந்தாலும் கையை வைத்துக் காட்டு என்பேன். வளருகிற வயதில், 11, 12, 13 வயதில், தொடை எலும்பின் தலை வழுக்கி நகருகிற நோய் ஒன்று இருக்கிறது, அதுவும் முழங்கால் வலியாக முதலில் தெரியலாம், பிள்ளை நொண்டும், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். போன தவணையில் அப்படி ஒரு பையனை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், இடுப்பு மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மூட்டில் ஒன்றும் இல்லை, முழங்காலுக்குக் கீழே வளர்ச்சியால் வருகிற வலிதானாம். ஒரு நாள் கூலி போய்விட்டது என்று அந்த அம்மாவுக்கு மனவருத்தம். எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் அடுத்த பிள்ளையையும் அனுப்புவேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. 38 வருடம் கொழுந்து பறித்தவர், முதுகில் கூடையோடு, இந்தச் சரிவில். இடுப்பு வலி, இடுப்பு வலி என்று எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறார், தோட்ட மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை தருவார்கள், மறுநாள் மலைக்குப் போவார். போன ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, கையை வைத்துக் காட்டுங்க என்றேன். அவர் முதலில் முதுகில் வைத்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெருவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால். எக்ஸ்ரேக்குப் போவோம் என்றேன். இனி என்னத்துக்கு என்கிறார். புதன்கிழமை எனக்கு மைதானப் பாடம் இல்லை, அன்றைக்கு ஆட்டோ சொல்லி வைத்திருக்கிறேன், அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.